வீடு யார் நிலத்தில்?

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்னும் பழமொழி மனிதன் தன் ஆயுளிற் படக்கூடிய இரு பெருந் துன்பங்களைத் தனித்தனியே எண்ணிக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தவர்க்கு இந்த எண்ணிக்கை பொருந்துவதில்லை. இங்கே இரண்டும் ஒன்றே. பெண்ணுக்கு வீடு இல்லையேல் கலியாணம் இல்லை. ஆதலால் தகப்பன் கட்டுகிறான், தகப்பன் இல்லாத இடத்திலே தமையன் கட்டுகிறான். உடுப்பிட்டியின் ஒழுங்கைகளில் ஒருநாட் பின்னேரம் நடந்து பார்ப்பவர், அத்திவாரத்தோடு நின்றுபோன வீடொன்றையோ, ஓடு போட்டும் பூச்சுக் காணாத சுவரொன்றையோ காணாமல் திரும்புவது அரிது. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வயதை எண்ணிக்கொண்டு நிற்கிறது.

எம் ஆசிரிய நண்பர்களிடையே சில காலமாக ஓயாது நிகழும் பேச்சும் இதுவே. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபா விற்ற ஒரு பை சீமெந்து 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இருமடங்குக்கு மேல் ஏறிற்று. கம்பியும் ஓடும் அதன் பின்னாலேயே ஏறின. சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. அரச ஊழியர்க்குரிய இடர்கடன் பல ஆண்டுகளாக 250,000 ரூபா என்னும் எல்லைக்குள்ளேயே நின்றது. ஆகவே மண்சுவர் எழுப்பலாமா, ஓட்டுக்குப் பதில் தகரம் போடலாமா, இரண்டு அறையோடு நிறுத்தலாமா என்று இளைஞர்கள் கணக்குப் பார்க்கின்றனர். இக்கணக்குகளைக் கேட்டுச் சலித்த ஒரு விடுமுறையில் நாம் பாலுமகேந்திராவின் ‘வீடு’ திரைப்படத்தை மறுபடி பார்த்தோம். முன்னொருகால் பார்த்தபோது விளங்காத சில, இப்போது விளங்கின. விளங்கியவற்றுட் சில படத்துக்குப் புகழ் சேர்ப்பன; சில அவ்வாறல்ல.

1988இல் வெளிவந்த இப்படத்தைத் தமிழகத்துப் படம் என்று நம்மவர் ஒதுக்குவதற்கில்லை. அதனை ஆக்கியவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர். சிறுவயதில் தம் அன்னையார் வீடு கட்டிய காலத்தில் அவரிடம் நேர்ந்த மாற்றமே இப்படத்தின் வித்து என்று அவரே கூறியுள்ளார். ஈழத்துத் தாயொருத்தியின் துயரம் சென்னையிற் போய் உருப்பெற்றது என்க.

கதை மிக எளிது. சுதா என்னும் பெண் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தங்கையும் முதிய தாத்தாவும் அவள் பொறுப்பு. வாடகைக்கு இருக்கும் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறான் வீட்டுக்காரன். சென்னையெங்கும் வீடு தேடுகிறார்கள்; முற்பணம் கேட்கும் தொகை அவர்கள் கைக்கு எட்டவில்லை. சொந்தமாகக் கட்டிவிடு என்று யோசனை சொல்கிறார் உடன் வேலை செய்யும் ஐயங்கார். குடும்பத்துக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனை உண்டு. ஒன்றை விற்று மற்றதிற் கட்டத் துணிகிறார்கள். நகை போகிறது, கடன் வருகிறது, மழை வருகிறது, ஒப்பந்தக்காரன் சீமெந்தைத் திருடுகிறான். வீடு உருப்பெறும் வேளையில், அந்த நிலம் குடிநீர் வாரியத்தால் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரி வந்து சொல்கிறார். சுதாவும் அவளை மணக்கவிருக்கும் கோபியும் நீதிமன்றத்திற் காத்திருப்பதோடு படம் முடிகிறது.

இதனைச் சொல்லிய முறையிலே கலைஞனின் நேர்மை தெரிகிறது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. கிணறு வெட்டுவதும், கல் இறங்குவதும், பணம் எண்ணிக் கொடுப்பதும் நம் கண்முன்னே அவற்றுக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு நடைபெறுகின்றன. தமிழ்ப் படங்களிற் பணம் என்பது வில்லனின் பெட்டியில் இருக்கும். இங்கே அது மாதக் கடைசியில் இல்லாமற் போகும் பொருள். சுதாவாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றதை எல்லாரும் அறிவர். நம் மனத்தில் அதனினும் ஆழமாக நிற்பவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். குடையும் கையுமாகத் தனியே புறப்பட்டு, முற்றுப்பெறாத அந்தச் சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் அக்கிழவர். திரும்பும் வழியில் அவர் உயிர் பிரிகிறது. வீடு கட்டிக் குடிபுகக் காணாமலே கண்மூடிய கிழவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அக்காட்சியைப் பார்க்கும்போது நாம் விமர்சகர் என்பதை மறந்தோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இதை ஊழலைச் சாடும் படம் என்று பாராட்டுவோர் பலர். ஒப்பந்தக்காரனின் திருட்டும், அனுமதி பெறக் கொடுக்கும் கையூட்டும் படத்தில் உள்ளனதாம். ஆயினும் இப்பாராட்டு படத்தைச் சிறுமைப்படுத்துவதாகவே நாம் கருதுகிறோம். ஒப்பந்தக்காரன் போன பிறகும் வேலை நடக்கிறது, சுவர் எழுகிறது. திருட்டையும் மழையையும் கடனையும் தாங்கி எழுந்த வீடு எங்கே தோற்கிறது? நிலத்திலே தோற்கிறது. செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் பட்ட பாடெல்லாம், காலடி மண் தன்னதன்று என்ற ஒரு சொல்லில் ஒன்றுமில்லாதாகிறது. படத்தின் உள்ளுயிர் இதுவே. மலிவு வீடு பற்றிக் கணக்குப் பார்க்கும் நம் நண்பர்கள் கவனிக்கத் தவறுவதும் இதையேதான்.

சுவரைப் பற்றியே பேசுகிறோம். காணியைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாதிருப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் காணி கடைச்சரக்கைப்போல் எல்லார் கைக்கும் வருவதன்று. ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்தது. விற்கப் புகுபவன் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்பதும் அவ்வழமையே. காணி இரத்த உறவைவிட்டு வெளியே போகாதிருக்க இட்ட வேலி அது. இரத்த உறவு என்னும்போது சாதியும் அதற்குள் அடங்கிவிடுகிறது. வெளிநாட்டுப் பணம் இறங்கிக் காணி விலை ஏறிய பிறகு, வேலி இன்னும் உயர்ந்துவிட்டது.

வேலிக்கு உள்ளே இருக்கும் ஆசிரியனின் நிலை என்ன? அவன் தங்கைக்கு வீடு கட்டிக் கடனாளியாகிறான். அது உண்மையான துயரம். ஆனால் தனக்கென்று வரும்போது அவன் மலிவு வீடு தேடுவதில்லை. பெண் வீட்டார் கட்டிய வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். முற்போக்கு மேடையிற் சீதனத்தைக் கண்டித்துப் பேசியவர்களும் இவ்வாறு நுழைந்ததை நாம் கண்டிருக்கிறோம். கேட்டால், ‘நாங்கள் கேட்கவில்லை, அவையாகத் தந்தவை’ என்பது விடை. ஓர் ஆசிரியனின் விலை இரண்டு அறையா மூன்று அறையா என்று தரகன் பேசும் வரையில், சிறிய வீடு, மண் வீடு, தகர வீடு என்னும் பேச்செல்லாம் ஆசிரியர் அறையைத் தாண்டப்போவதில்லை. மண்சுவரும் கிடுகுக் கூரையும் வெக்கைக்கு இதமானவை என்று எல்லாரும் ஒப்புவர். தன் மகளுக்கு அதைச் சீதனமாக எழுதிக்கொடுக்க ஒருவரும் துணியார்.

‘வீடு’ உருவான அதே காலத்தில் வடமராட்சியில் என்ன நடந்தது என்பதையும் இங்கே நினையாதிருக்க முடியவில்லை. 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கையின் குண்டுகளில் எம் அயலெங்கும் வீடுகள் இடிந்தன. சென்னையில் ஒருத்தி கல்மேற் கல் வைத்த கதை படமாகிக்கொண்டிருக்க, இங்கே கல் கல்லாகப் பிரிந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்கள் எம் கேள்வியை வேறொரு வடிவிற் கொண்டுவந்தன. இந்திய உதவியோடு 2012 முதல் நடந்த திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. உரியவரே நின்று கட்டினர். தொகை போதாமற் கடன்பட்டோர் பலர். எனினும் மேசன், தச்சன், கூலியாள் என்று ஊருக்குள்ளேயே அப்பணம் சுழன்றது. கட்டியவருக்குத் தம் வீடு என்ற பெருமிதமும் இருந்தது. அதன் பின் 2016இல் ‘பொருத்து வீடு’ வந்தது. ஆர்சலர் மிட்டல் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் உருக்கு வீடுகள் 65,000. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா! கல்வீட்டுக்குக் கொடுத்த தொகையின் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மலிவும் விரைவும் என்று சொல்லி வந்த பொருளின் மலிவு இது. பொறியியலாளரும் பொருளியலாளரும் மக்களும் எதிர்த்தனர். திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. நல்லதே. ஆனால் கல்லா உருக்கா என்று நாம் எல்லாரும் வாதிட்டுக்கொண்டிருந்த அந்நாட்களிலும் ஒரு கூட்டத்தார் வாதத்துக்கு வெளியே நின்றனர். காணி உறுதி இருப்பவனுக்கே வீட்டுப் பணம். உறுதி இல்லாதவன் கல்லையும் கேட்க முடியாது, உருக்கையும் கேட்க முடியாது.

உறுதி இல்லாதவர் யார்? பரம்பரை பரம்பரையாகப் பிறர் வளவிற் குடியிருந்து, அவ்வளவுக்காரனின் பனையிலும் தோட்டத்திலும் உழைத்த மக்கள். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் ஒரு யுகத்தைத் திறந்தது. தேநீர்க்கடையும் கோயில் வாசலும் போராட்டத்தின் முன் திறந்தன. நிலம் அவ்வாறு திறக்கவில்லை. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தம் ஐம்பது ஏக்கரை எல்லையாக வைத்தது. காணியைப் பரப்புக் கணக்கில் எண்ணும் யாழ்ப்பாணத்தில் அந்த எல்லை யாரைத் தீண்டும்? கம்யூனிஸ்ட் அமைச்சரான பீற்றர் கெனமன் 1973இல் கொண்டுவந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் துணிவானதே. ஆயினும் அது வீட்டைப் பற்றியது. பிறர் வளவில் தன் கையாற் கொட்டில் போட்டவனின் காலடி மண்ணைப் பற்றியதன்று.

கேரளத்தார் இவ்விடத்தில் நம்மை முந்தினர். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களது நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்திற் குடிசை போட்டு வாழ்ந்தவனுக்குக் கிராமப் பஞ்சாயத்தில் பத்துச் சென்ற் வரை வாங்கும் உரிமையைத் தந்தது. நம் கணக்கில் அது ஒன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். பெரிதன்று, ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை. வீடு அதன் பின்னரே வந்தது. 1972இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடக்கிய ‘லட்சம் வீடு’ திட்டத்தின் வீடுகளைச் சிறந்தவை என்று நாம் சொல்லவில்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒரு பொதுச்சுவர். காலப்போக்கிற் பல சிதைந்தன. சிதைந்த சுவரை இடித்து மகன் வேறு சுவர் கட்டலாம். நிலம் இல்லாதவன் எதை இடித்து எதைக் கட்டுவான்?

இந்த அளவுகோலோடு படத்துக்குத் திரும்பினால் அதன் குறை தெரிகிறது. சுதாவுக்கு நிலம் கதையின் தொடக்கத்திலேயே கையில் இருக்கிறது. அது எவ்வாறு வந்தது, பக்கத்து மனைகளில் முன்பு யார் இருந்தனர் என்று படம் கேட்பதில்லை. இறுதியில் நிலம் பறிபோவதும் ஓர் அலுவலகத்தின் கவனயீனமாக, ஏறத்தாழ விதியின் அடியாகவே வருகிறது. நடுத்தர வர்க்கத்தவன் நிலமற்றவனின் நிலையை ஒருகணம் அடைந்துவிட்டான் என்பதைக் கலைஞன் காட்டிவிட்டான். கண்டானா என்பது ஐயம். இன்னொன்று, மங்கம்மா. கட்டட வேலைக்கு வந்த கூலிப்பெண் அவள். ஒப்பந்தக்காரனின் திருட்டைச் சுதாவுக்குச் சொல்பவள் அவள். அவன் போன பின்னரும் உடன் நின்று அவ்வீட்டை எழுப்பத் துணைநிற்பவளும் அவளே. படத்தில் அவளினும் நிமிர்ந்த பாத்திரம் இல்லை. ஆயினும் மாலையில் வேலை முடிந்து அவள் எங்கே போகிறாள்? அவள் வீட்டை நாம் பார்க்கவில்லை. ‘வீடு’ என்று பெயரிட்ட ஒரு படத்தில் இது சிறிய மறதியன்று.

நம் ஊரிலும் சீமெந்துச் சாந்து சுமக்கும் பெண்கள் உண்டு. சீதன வீட்டின் குடிபூரலுக்கு அவர்களையும் அழைப்பார்கள். பின்பக்கத்தில் இருத்திச் சோறு போடுவார்கள். மாணவர்க்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர்கள், தாத்தாவின் காட்சியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடாமல், மங்கம்மா வரும் காட்சிகளை இன்னொருமுறை ஓடவிட்டுப் பார்க்கட்டும். பிறகு, அவள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவருமாறு மாணவரைக் கேட்கலாம். வகுப்பிற் சிலர் அதனைக் கற்பனை செய்யவேண்டி இராது.