சம்பளம் வாங்காத தலைவர்: சேவை, கூலி, கொடை குறித்துச் சில குறிப்புகள்

1

2017 ஜூலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருவாய் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் அறிவித்தார். தமிழ்நாட்டு விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அதற்கான சட்ட முன்வடிவு 2018 ஜனவரியில் பேரவைக்கு வந்தபோது போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதிய ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. உயர்வு எங்களுக்கு வேண்டாம் என்றது. இடதுசாரித் தோழர்கள் கண்டித்தார்கள். டீக்கடையில் எல்லோரும் திட்டினார்கள்.

அந்தத் திட்டு நியாயமானது. ஆனால் அதற்குள் இரண்டு குரல்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ‘பஸ் ஓட்டுகிறவனுக்கு இல்லாதது உனக்கு மட்டும் எப்படி?’ என்று கேட்பது ஒரு குரல். ‘சேவை செய்ய வந்தவனுக்குச் சம்பளம் எதுக்கு?’ என்று கேட்பது இன்னொன்று. முதலாவது கூலிக்காரனின் குரல். இரண்டாவதும் அவன் வாயிலிருந்துதான் வருகிறது என்றாலும், அது அவனுக்குச் சொந்தமானதல்ல என்பது என் வாசிப்பு.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். அரசாணைத் தமிழில் சம்பளம், ஊதியம், படி, அமர்வுப் படி, மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்று ஒரு படிநிலையே இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் வாங்குவது சம்பளமும் படிகளும். மாமன்ற உறுப்பினரும் கிராம ஊராட்சித் தலைவரும் வாங்குவது மதிப்பூதியம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கு அது நெடுநாள் மாதம் ஆயிரம் ரூபாய், பிறகு இரண்டாயிரம். 2023 ஜூலை முதல் மாநகராட்சி மேயருக்கு 30,000, மாமன்ற உறுப்பினருக்கு 10,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என்று நிர்ணயித்தார்கள். கீழே போகப் போக ஊதியம் குறைந்து ‘மதிப்பு’ கூடுகிறது! சோறு போடாத இடத்தில்தான் மொழி மரியாதையைக் கொட்டுகிறது.

வார்த்தை விளையாட்டாக இதைச் சொல்லவில்லை. மதிப்பூதியம் என்றால் ‘இதை நம்பி நீ பிழைக்கக் கூடாது’ என்று அர்த்தம். அதாவது, வேறு பிழைப்பு உள்ளவன் மட்டும் இந்தப் பதவிக்கு வா.

3

சம்பளம் இல்லாத அரசியல் என்பது சொத்துள்ளவர்கள் கண்டுபிடித்த ஒழுக்கம். 1838-இல் இங்கிலாந்தின் சாசன இயக்கத் தொழிலாளர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்பது. நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் அவைக்குள் போக வேண்டுமானால் அவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்ற எளிய கணக்கு. ‘கூலிக்கு அரசியல் செய்வதா, மானக்கேடு’ என்று எதிர்த்தவர்கள் வாடகையிலும் குத்தகையிலும் வாழ்ந்த கனவான்கள். தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிய வழியையும் 1909-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அடைத்தது. அதன் பிறகே, 1911-இல், ஆண்டுக்கு 400 பவுண்டு என்ற ஊதியம் வந்தது. எழுபத்து மூன்று வருஷம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெருமை பேசுகிறவர்கள் நிறைய உண்டு. அந்தப் பிரான்சில் 1848 குடியரசு உறுப்பினர்களுக்கு நாளொன்றுக்கு 25 பிராங்க் கொடுத்தது. தொழிலாளிக்குச் சில பிராங்க்கூடக் கிடைக்காத காலத்தில் அந்த 25 பிராங்க் பெரிய எரிச்சலைக் கிளப்பியது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது பாரிஸ் தெருத்தடுப்புக்கு வந்த போதான் என்ற உறுப்பினரைத் தொழிலாளர்கள் அந்த 25 பிராங்கைச் சொல்லித்தான் குத்திப் பேசினார்கள். அவர் தடுப்பின் மேல் ஏறி நின்று சுடப்பட்டு இறந்தார். 1906-இல் உறுப்பினர்கள் தமக்குத் தாமே 9,000 பிராங்கை 15,000 ஆக்கிக்கொண்டபோது ‘பதினைந்தாயிரம்’ என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. ஆக டீக்கடைத் திட்டுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அதை வெறும் பொதுப்புத்தி என்று தள்ளிவிட முடியாது.

நம் தோழர்கள் அடிக்கடி சொல்வது 1871 பாரிஸ் கம்யூன். பொது ஊழியர் எவருக்கும் ஆண்டுக்கு 6,000 பிராங்குக்கு மேல் இல்லை என்று கம்யூன் ஆணையிட்டது. ‘தொழிலாளியின் கூலி’ என்று மார்க்ஸ் அதைக் கொண்டாடினார். ஆனால் நாம் சௌகரியமாக மறக்கிற விஷயம், கம்யூன் வைத்தது உச்சவரம்பு. யாரையும் சும்மா உழைக்கச் சொல்லவில்லை. கம்யூன் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 15 பிராங்க் கொடுத்தார்கள். மேலே கூரையும் கீழே தரையும் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. நம்முடைய மேடைகளில் கூரை மட்டும் பேசப்பட்டு, தரை தியாகம் என்ற சொல்லில் கரைந்துபோகிறது.

இந்திய தேசிய இயக்கமும் கூரையைப் பேசியது. வைசிராய் மாதம் 21,000 ரூபாய் வாங்குகிறார் என்று 1930 மார்ச்சில் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி கணக்குப் போட்டுக் காட்டினார். 1931 கராச்சித் தீர்மானம் அரசு ஊழியரின் உச்ச ஊதியம் சாதாரணமாக மாதம் 500 ரூபாய் என்றது. 1937-இல் பதவியேற்ற காங்கிரஸ் அமைச்சர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். வீடும் காரும் தனி. எளிமை சம்பளப் பட்டியலில் இருக்க, வசதி படிகளில் இருக்கும் இந்த உத்தி அன்றே தொடங்கிவிட்டது.

4

தமிழில் இந்த உத்தியின் உச்சம் ஒரு ரூபாய்ச் சம்பளம். 1991-96 ஆட்சிக் காலத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய் வாங்கினார். அதே காலத்துக்கான சொத்துக்குவிப்பு வழக்கில் குற்றச்சாட்டு 66.65 கோடி ரூபாய். 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. 2015-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்ற மூவர் மீதான தண்டனையை மீட்டது. அவர் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. இவற்றைத் தனிமனிதரின் பாசாங்கு என்று மட்டும் வாசித்தால் விஷயம் தப்பிவிடும்.

ஒரு ரூபாய் என்ன செய்கிறது? சம்பளம் வாங்குகிறவர் கொடுக்கல் வாங்கலுக்குள் இருக்கிறார். வேலை செய்யாவிட்டால் கேட்கலாம். வாங்காதவர் அதற்கு வெளியே போய்விடுகிறார். அதன் பிறகு அவர் தருவதெல்லாம் கொடை. நாம் கட்டிய வரியில் வந்த அரிசியும் மிக்ஸியும் அவர் கையிலிருந்து வருகின்றன. குடிமகன் இரவலன் ஆகிறான். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. பரிசில் பெற்று வந்த பாணன் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. ‘அவருகிட்ட போ, லெட்டர் குடுப்பாரு’ என்று வட்டச் செயலாளர் அனுப்புகிறாரே, அது வேறென்ன? புறத்திணை நமக்கு வெறும் பாடத்திட்டமல்ல, வாழ்கிற அரசியல் இலக்கணம்.

சட்டம் இந்த இடத்தில் இலக்கியத்தைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. முதலமைச்சர் ‘பொது ஊழியர்’ ஆவாரா என்ற கேள்வி மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் வந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. அரசுப் பணத்தில் சம்பளம் பெற்றுப் பொதுவேலை செய்கிறவர் என்பது அந்தத் தர்க்கத்தின் முக்கியமான இழை. 1984-இல் அந்துலே வழக்கில் இதே இழை எதிர்த்திசையில் இழுக்கப்பட்டது: சட்டமன்ற உறுப்பினர் அரசின் சம்பளக்காரர் அல்ல, எனவே தண்டனைச் சட்டத்தின்படி பொது ஊழியர் அல்ல. 1988 ஊழல் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, 1998 நரசிம்மராவ் தீர்ப்பில்தான் மக்கள் பிரதிநிதி பொது ஊழியர் வரையறைக்குள் வந்தார். லஞ்சம் வாங்கி வாக்களித்தாலும் அவைப் பாதுகாப்பு உண்டு என்ற அதே தீர்ப்பின் ஓட்டை 2024 மார்ச்சில்தான் அடைபட்டது. தலைவரை ஊழியராக்குவதில் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இந்த வழக்குகளே சாட்சி.

5

அப்படியானால் சம்பளத்தை ஏற்றிவிட்டால் நேர்மை வந்துவிடுமா? சிங்கப்பூர் அப்படித்தான் சொன்னது. 1994 வெள்ளை அறிக்கை அமைச்சர் சம்பளத்தை வங்கியாளர், வழக்கறிஞர் போன்ற ஆறு தொழில்களில் மிக அதிகம் சம்பாதிப்பவர்களின் வருமானத்தோடு கட்டியது. 2011 தேர்தலில் மக்கள் கோபம் தெரிந்த பிறகு, 2012-இல் பிரதமர் சம்பளத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். குறைத்தும் ஆண்டுக்கு 22 லட்சம் சிங்கப்பூர் டாலர். புதிய அமைச்சருக்குச் சுமார் 11 லட்சம். சிங்கப்பூரில் ஊழல் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2024 அக்டோபரில் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன், நம்ம தமிழர், சுமார் நான்கு லட்சம் டாலர் மதிப்புள்ள பரிசுகளை வாங்கியதற்காக ஓராண்டுச் சிறைக்குப் போனார். கார்ப் பந்தய டிக்கெட், விஸ்கி, சைக்கிள்! ஒரு வழக்கால் ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. ஆனாலும் அவரைப் பிடித்தது புலனாய்வு அமைப்பும் நீதிமன்றமும். 11 லட்சம் அவரைத் தடுக்கவில்லை. அமைச்சரின் கண்ணைக் கோடீஸ்வரன் தட்டின் மீது வைத்துவிட்டு, அவன் தட்டைத் தொடாதே என்பது என்ன தர்க்கம்?

ஒரு ரூபாயும் 11 லட்சம் டாலரும் எதிர்த்துருவங்கள் போலத் தெரிகின்றன. இரண்டுமே தலைவர் நம்மைப்போல் வேலை செய்து கூலி வாங்குகிறவர் அல்ல என்ற ஒரே கதையாடலைச் சொல்பவை.

6

நான் பிறந்து வளர்ந்த வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ் செலவு கழித்து மிச்சத்தைப் பிரிப்பார்கள். ஓனர் கரையில் நின்றாலும் போட்டுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் சம்பளத்தை மட்டும் பேசுவது, ஆள் பங்கைப் பேசிவிட்டுப் போட் பங்கைப் பேசாமல் விடுவது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளருக்குச் சட்டப்படியான செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம். மாதம் 1,05,000 என்றால் அந்தச் சட்டப்படியான செலவை எடுக்கவே முப்பத்தெட்டு மாதம். சட்டத்துக்கு வெளியே நடப்பது ஊருக்கே தெரியும். போட் யாருடையது? 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரங்கள் கம்பெனிகளின் போட் பங்கு இல்லாமல் வேறென்ன? அந்த ஆண்டு மக்களவைக்குப் போனவர்களில் 93 சதவீதம் பேர் கோடீஸ்வரர்கள். அவர்களுக்குத்தான் 2025 மார்ச்சில் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆக, 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு, உயர்ந்தது.

சம்பள உயர்வைப் பற்றி மீன் விற்கிற அத்தை ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ‘இன்னாடா, அவுரு சம்பளத்த ஏத்திக்கினா நம்ம ஊட்டு மொய்யும் ஏறுமா?’ என்றார். கிண்டல்தான். ஆனால் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் உறுப்பினர் என்ன கொடுத்தார் என்று அளக்கிற ஓர் ஊரில், அந்தச் சம்பளம் ஏற்கெனவே கொடையின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அந்த அத்தை நின்று ஜெயிக்க முடியுமா என்ற கேள்வியை நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கூடையை இறக்கிவிட்டு ஐந்து வருஷம் யார் வீட்டில் சாப்பிடுவது? புதுச்சேரியில் அவருக்கு ஒரு வார்டுகூடக் கிடையாது. 1968-க்குப் பிறகு 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 2011-இல் முடிந்ததும், பத்தாண்டுக்கு மேலாகத் தேர்தலே இல்லாமல் ஓடியது.

7

எளிமை பற்றிப் பேசும்போதெல்லாம் கக்கனின் பெயர் வருகிறது. உள்துறை அமைச்சராக இருந்தவர் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்த காட்சியை மேடைதோறும் சொல்லிக் கண் கலங்குகிறோம். அவருடைய நேர்மையில் எனக்குக் கேள்வி இல்லை. கேள்வி, கலங்குகிற கண்களைப் பற்றியது. ஒரு தலித் தலைவரின் வறுமை ஏன் நமக்கு இவ்வளவு இனிக்கிறது? பண்ணையார்த் தலைவர்களிடம் கேட்காத ஏழ்மையை அவரிடம் மட்டும் ஏன் ஆபரணமாக மாட்டுகிறோம்? கக்கன் பிறந்த தும்பைப்பட்டி மேலூர் வட்டம். அதே வட்டத்தில்தான் மேலவளவு. தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவரான குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியும் உயிரும் மறுக்கப்படுகிற இடத்தில் சம்பளம் சின்ன விஷயம் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதிக்கசாதி நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டே அதே சாதித் துணைத்தலைவரிடம் கையெழுத்துக்கு நிற்கிற தலைவருக்கு, அந்த நிலத்தைச் சாராத ஒரு மாத வருமானம் முதுகை நிமிர்த்துகிற ஆயுதம்.

ஆகவே என் நிலைப்பாடு இது. மேலே உயர்த்துவதை நிறுத்த வேண்டும். கீழே சம்பளம் கொடுக்க வேண்டும், மதிப்பூதியம் அல்ல. தங்கள் சம்பளத்தைத் தாங்களே கை தூக்கி ஏற்றிக்கொள்வது கூடாது. அமெரிக்காவில் 1789-இல் முன்வைத்து 1992-இல் நிறைவேறிய திருத்தம் சொல்வதுபோல், எந்த மாற்றமும் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரட்டும். உறுப்பினரின் ஊதியம் குறைந்தபட்சக் கூலியின் இத்தனை மடங்கு என்று கட்டப்பட வேண்டும். அவர் ஏற வேண்டுமானால் அங்கன்வாடி ஊழியரும் ஏறியாக வேண்டும்.

இறுதியாக நம் இயக்கங்களைப் பற்றி. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு அலவன்ஸ் வாங்கிக்கொள்கிறார்கள். மாணிக் சர்க்கார் திரிபுரா முதல்வராக இருந்தபோதும் அப்படித்தான். மதிக்கிறேன். ஆனால் அந்த அலவன்ஸில் குடும்பம் நடக்காது என்பது நமக்கெல்லாம் தெரியும். முழுநேர ஊழியரான தோழரின் வீட்டில் டீச்சராகவோ நர்ஸாகவோ கூடைக்காரியாகவோ ஒரு பெண் சம்பாதித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் அவர் சம்பளமில்லாத தலைவராக இருக்கிறார். அவளால் முழுநேர ஊழியராக முடியவில்லை, ஏன் என்று எந்த மாநாட்டு அறிக்கையும் பேசியதாக நான் படித்ததில்லை. சட்டமன்ற உறுப்பினர் சம்பளத்தைப் பேசுகிற அடுத்த கூட்டத்தில் இதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொண்டால் விவாதிக்கத் தயார்.