தாழ மறுக்கும் கைகள்

கூடைப்பந்தில் மிக உயரமான ஆட்டக்காரர்கள் ஃப்ரீ த்ரோக் கோட்டில் தடுமாறுவதற்கு விமரிசகர்கள் வழக்கமாக மூன்று காரணங்களைக் கூறுகின்றனர்: பெரிய உள்ளங்கையில் பந்து சரியாக அமைவதில்லை, பயிற்சி போதவில்லை, நெருக்கடியில் மனம் பதறுகிறது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் முதற்காரணம் செருக்கே என்பதும், மீட்பைப் பற்றிப் பேசும்போது கிறிஸ்தவ இறையியல் எச்சரிக்கின்ற செருக்கு இதே வடிவத்தில்தான் செயற்படுகிறது என்பதும் இப்பத்தியின் வாதம்.

ஃப்ரீ த்ரோ என்பது, எதிரணியின் விதிமீறலுக்கு (ஃபவுலுக்கு) ஈடாக, எவரும் குறுக்கே வராத நிலையில், 15 அடித் தொலைவிலிருந்து 10 அடி உயர வளையத்தை நோக்கி எறியக் கிடைக்கும் வாய்ப்பு. தலைக்கு மேலிருந்து ஒரு கையால் எறிவதே இன்றைய வழக்கம். பந்தை இரு கைகளாலும் பிடித்து, முழங்கால்களுக்கிடையே தாழ்த்தி, கீழிருந்து மேலாக வீசும் கீழ்க்கை எறிதல் ஒரு காலத்தில் பலருக்கும் இயல்பாக இருந்து, பின்னர் ‘பாட்டி எறிதல்’ என்ற கேலிப்பெயரோடு ஒதுக்கப்பட்டது. ஆனால் இரு கைகளும் சமமாக இயங்குவதால் பந்து பக்கவாட்டில் விலகுவது இதில் குறைவு. பின்சுழற்சியோடு மெல்ல இறங்குவதால் வளையத்தில் பட்டாலும் துள்ளி வெளியேறாமல் உள்ளே விழும் வாய்ப்பு மிகுதி. 1980இல் ஓய்வுபெற்ற அமெரிக்க வீரர் ஒருவர் இம்முறையிலேயே எறிந்து நூற்றுக்கு ஏறத்தாழ 90 வாய்ப்புகளைப் புள்ளியாக்கினார்.

அவர் காலத்தில் ஆடிய, அவரைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த, ‘சென்டர்’ எனப்படும் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரே இங்கு ஆராயப்பட வேண்டியவர். ஃப்ரீ த்ரோவில் வாழ்நாள் முழுவதும் தவித்த அவர், 1961–62 பருவத்தில் கீழ்க்கை எறிதலுக்கு மாறி, நூற்றுக்கு 61 என்ற தம் மிகச் சிறந்த விழுக்காட்டை எட்டினார். அப்பருவத்தின் ஓர் ஆட்டத்தில் 32 வாய்ப்புகளில் 28ஐப் புள்ளியாக்கினார். பின்னர் அம்முறையைக் கைவிட்டார். 1967–68இல் அவருடைய விழுக்காடு 38ஆக விழுந்தது. தாம் செய்தது தவறு என்று தெரிந்தும், அப்படி எறிவது ஆண்மைக் குறைவாகத் தோன்றியதால் தம்மால் தொடர இயலவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே தம் நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். இத்தகைய நேர்மை அரிது; அதற்காக அவரை மதிக்க வேண்டும்.

அவருக்கு வழி தெரியாமலில்லை, உழைப்பும் குறையவில்லை. செருக்கைச் சோம்பலோடு குழப்பிக்கொள்வதால்தான் பலரும் இதைத் தவறாகப் படிக்கின்றனர். செருக்குள்ளவர் எவ்வளவு உழைக்கவும் தயங்கமாட்டார். தாம் தேர்ந்த முறையில் இன்னும் ஆயிரம் முறை எறிந்து பழகுவார். தம் உயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றும் எளிய வழியை மட்டும் ஏற்கமாட்டார். பழைய ஏற்பாட்டின் இரண்டாம் இராஜாக்கள் நூலில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமானின் சிக்கலும் இதுவே. தொழுநோய் நீங்க யோர்தான் ஆற்றில் ஏழுமுறை மூழ்கும்படி தீர்க்கதரிசி எலிசா ஆளனுப்பிச் சொன்னபோது, தமஸ்குவின் ஆறுகள் இதைவிட மேலானவை அல்லவா என்று அவன் சினந்து திரும்பினான். அரிய செயலொன்றைக் கட்டளையிட்டிருந்தால் செய்திருப்பீர்கள் அல்லவா என்று வாதாடி அவனை ஆற்றில் இறங்கச் செய்தவர்கள் அவனுடைய பணியாளர்கள். அவர்களைப் போன்ற பயிற்சியாளர்கள் இன்றைய அணிகளில் மிகக் குறைவு.

கிறிஸ்தவத்தில் இரட்சிப்பு, அதாவது பாவத்தினின்று மனிதன் அடையும் மீட்பு, கிருபையால் வருவது. கிருபை என்பது தகுதி பாராமல் கடவுள் அளிக்கும் கொடை. எவரும் மேன்மைபாராட்டாதபடியே அது செயல்களின் பயனாக வருவதில்லை எனப் புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம் விளக்குகிறது. ஆகவே செருக்கு பல பாவங்களுள் ஒன்றாக மட்டும் நிற்காமல், கொடையைப் பெற நீள வேண்டிய கையையே மூடிவிடுகிறது. பிற தீமைகள் தீய செயல்களில் வெளிப்படும்போது, செருக்கு நற்செயல்களுக்குள்ளேயே பதுங்கியிருந்து அவற்றை அழிக்கும் என்று புனித அகஸ்தீன் எச்சரித்தார். மிகச் சிறந்த பருவத்துக்குப் பின்னரே அந்த நடுக்கள வீரர் பழைய முறைக்குத் திரும்பியதை இவ்வெச்சரிக்கையின் ஒளியில் நோக்கினால் அதில் வியப்பில்லை. எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு: கீழ்க்கை எறிதலும் வீரரின் சொந்தத் திறனே, கிருபையோ பெறுபவரின் திறன் அன்று. மேலும், கீழ்க்கையால் எறிபவர் அதையே பெருமையாக்கிப் பிறரை இகழ்ந்தால், இயேசுவின் உவமையில், ஆலயத்தில் ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) இழிவாகச் சுட்டிக்காட்டித் தன்னைப் புகழ்ந்து ஜெபித்த பரிசேயனின் நிலைக்கே வந்துவிடுவார்.

ஃப்ரீ த்ரோவில் பலவீனமானவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் உத்தியைக் கட்டுப்படுத்த, அமெரிக்கத் தொழில்முறை லீக் 2016இல் கடுமையான விதியை ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும் விரிவுபடுத்தியது. செருக்குக்கு விதியால் நிழல் கொடுத்த முடிவு அது, சரியானதன்று. அதே ஆண்டில் ஓர் இளம் வீரர் அந்த லீக்கில் கீழ்க்கையால் எறிந்தும், அவரைப் பின்பற்ற முன்னணி வீரர் எவரும் முன்வரவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் இது மாறும். புகழின் உச்சியில் நிற்பவர் முதலில் மாறமாட்டார்; பிளேஆஃப் ஆட்டமொன்றின் இறுதி நிமிடங்களில் ஃப்ரீ த்ரோவுக்கு அஞ்சிப் பயிற்சியாளர் வெளியே அமர்த்தும் நடுக்கள வீரர் ஒருவரே, இழக்க இனி மதிப்பு ஏதும் இல்லாத நிலையில், அடுத்த பருவத்தில் பந்தைத் தாழ்த்திப் பிடிப்பார். அரங்கம் முதல் மாதம் கேலி செய்யும். விழுக்காடு ஏறியதும் அடங்கும். அவருக்கான உண்மைச் சோதனை இரண்டாம் பருவத்தில்தான் வரும். அப்போது அவர் ஒரு கைக்குத் திரும்பிவிடவே வாய்ப்பு அதிகம்.