கல்கியின் நாவல்கள்: நாட்டுடைமைக்குப் பிந்தைய மறுபதிப்புகளும் மூலபாடச் சிக்கலும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் (1899–1954) நூல்கள் 1999ஆம் ஆண்டில் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டிற்குப் பிந்தைய 60 ஆண்டுகள் கழிந்து, 2014இன் இறுதியில்தான் அவை பொதுவுடைமை ஆகியிருக்கும். நாட்டுடைமை அக்காத்திருப்பைப் பதினைந்து ஆண்டுகள் குறைத்தது. வானதி பதிப்பகத்தின் வழியாகவே நெடுங்காலம் வாசகரை அடைந்துவந்த 'பொன்னியின் செல்வன்' இன்று பல பதிப்பகங்களின் வெளியீடாக, பல விலைகளில், மலிவுத்தாளிலும் கெட்டி அட்டையிலும் கிடைக்கிறது. மின்னூல், ஒலிநூல், சித்திரக்கதை ஆகிய வடிவங்களும் உள்ளன. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கிய இரு திரைப்படங்கள் இதன் வாசகப் பரப்பை மேலும் விரித்தன. பரவல் என்ற அளவில் இதனைக் குறைகூற இடமில்லை. ஆயினும் பெருகியவை படிகளே. பாடத்தைப் பற்றிய அறிவு அவற்றுடன் பெருகவில்லை.

மறுபதிப்புகள் பலவற்றின் உரிமைப் பக்கம் இதற்குச் சான்று. 'முதற்பதிப்பு' என்று அங்கே அச்சிடப்படுவது பெரும்பாலும் அந்தப் பதிப்பகம் அந்நூலை முதன்முறை வெளியிட்ட ஆண்டையே குறிக்கிறது. நாவல் எந்த இதழில், எந்த ஆண்டுகளில் வந்தது, எந்தப் படியைக் கொண்டு இப்பதிப்பு அச்சுக்கோக்கப்பட்டது என்பன சொல்லப்படுவதில்லை. அவ்வாண்டையே ஆய்வேடுகளும் துணைநூற்பட்டியலில் ஏற்றிக்கொள்கின்றன. 1954இல் மறைந்த ஆசிரியரின் நாவல் 2012ஆம் ஆண்டின் 'முதற்பதிப்பாக' மேற்கோளில் இடம்பெறுவதை எந்த நெறியாளரும் தடுப்பதாகத் தெரியவில்லை. அச்சிட்டவரின் அசட்டை ஒரு பங்கு என்றால், அதனை வினவாது ஏற்கும் கல்விப்புலத்தின் அசட்டை மறுபங்கு.

இதனால் ஆய்வு முடிவுகளே பிழைபடுகின்றன என்பதற்கு 'பொன்னியின் செல்வன்' தெளிவான எடுத்துக்காட்டு. இந்நாவல் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. அக்கால அளவு ஏறத்தாழ 185 வாரங்கள். நூலின் ஐந்து பாகங்களிலும் உள்ள அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91, கூட்டுத்தொகை 293. அத்தியாயத்தின் இறுதியில் ஒரு திருப்பத்தையோ ஐயத்தையோ நிறுத்தி, அடுத்த வாரம்வரை வாசகரைக் காக்கவைக்கும் உத்தியே கல்கியின் கதைகூறல் என்பது வகுப்பறைகளிலும் ஆய்வேடுகளிலும் வழக்கமாகிவிட்ட கூற்று. மேற்கண்ட எண்கள் அக்கூற்றை அப்படியே ஏற்கவிடுவதில்லை. 185 இதழ்களுக்குள் 293 அத்தியாயங்கள் அடங்கவேண்டுமாயின், நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாய முடிவுகள் இதழின் முடிவாக இருந்திருக்க இயலாது. அவ்விடங்களில் வாசகர் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. அதே இதழில் அடுத்த அத்தியாயத்திற்குள் நுழைந்துவிட்டார். எனவே கல்கியிடம் இருவகை நிறுத்தங்கள் உள்ளன: ஒரு வார இடைவெளியைத் தாங்கும் நிறுத்தம், அதே இதழுக்குள் காட்சியை மாற்றும் நிறுத்தம். இவ்விரண்டும் நடையில் வேறுபடுகின்றனவா என்பது உத்தி ஆய்வின் அடிப்படை வினா. இதழ் எல்லைகளைக் குறிக்காத மறுபதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு விடைகாண முடியாது. வினாவே எழாமற் போவதற்கும் அப்பதிப்பே காரணம்.

ஆசிரியரின் இறுதித் திருத்தம் பெற்ற பாடத்தையே மூலபாடமாகக் கொள்ளவேண்டும் என்பது பதிப்பியலில் பலரும் ஏற்கும் நெறி. கல்கியின் எல்லா நாவல்களுக்கும் அதனை ஒரே வகையில் பொருத்த இயலாது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகியவை தொடராக முடிந்தபின் ஆசிரியர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். திருத்தத்திற்கு வாய்ப்பு இருந்தது. 'பொன்னியின் செல்வ'னின் நிலை வேறு. 1954 மே மாதம் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்தடுத்த பதிப்புகளினூடே நூலைச் செப்பம் செய்யும் காலம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆதலின் இந்நாவலைப் பொறுத்தவரை இதழ்ப்பாடமே ஆசிரியரின் கைக்கு மிக நெருங்கிய சான்று. பிற்கால நூற்படிகளில் காணும் பத்திப் பிரிப்பு, ஒற்று, சொற்பிரிப்பு, நிறுத்தக்குறி ஆகியவற்றில் எது அவருடையது, எது பிறருடையது என்பதை இதழோடு ஒப்பிட்டே தீர்மானிக்க இயலும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்தால் லை, னை, றா, ணா முதலிய வடிவங்கள் மாறியது பொருளைத் தொடாத மாற்றம். ஒற்றும் சொற்பிரிப்பும் அத்தகையன அல்ல. பேச்சின் ஓட்டத்தை எழுத்தில் கொணர்ந்தவர் என்று கல்கியைப் பாராட்டும் நடையியலார், அந்த ஓட்டத்தை அளக்கப் பயன்படுத்தும் நிறுத்தக்குறிகள் யாருடையவை என்று முதலில் கேட்க வேண்டும்.

நாவலின் இறுதியிலுள்ள முடிவுரையையும் இங்கே கருதலாம். கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வினவிய வாசகர்களுக்குக் கல்கி அதில் விடை தருகிறார். தொடரின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு மனநிறைவுறாத ஒரு வாசகக் கூட்டத்துடன் நிகழ்ந்த உரையாடல் அது. இதழிலிருந்து பிரித்து, எவ்விதக் குறிப்புமின்றி ஐந்தாம் பாகத்தின் வாலாக அச்சிடும்போது, அது ஆசிரியர் தம் கதைக்கு எழுதிய வெறும் பின்னிணைப்பாகத் தோன்றுகிறது. அதன் மறுபக்கமான வாசகர் குரல் மறைந்துவிடுகிறது.

படங்களின் இழப்பு இதனினும் பெரிது. 'பொன்னியின் செல்வன்' மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்தது. பின்னாளில் அதே இதழில் மீண்டும் தொடரானபோது வினு, பத்மவாசன் போன்றோர் வரைந்தனர். வந்தியத்தேவனின் முகமும் குந்தவையின் கொண்டையும் தலைமுறைதோறும் மாறிய வரலாறு, அந்நாவலின் ஏற்பு வரலாற்றின் ஒரு பகுதி. 'தியாகபூமி'யில் படம் இன்னும் நெருக்கமாகப் பாடத்தோடு பிணைந்துள்ளது. 1938–39இல் 'ஆனந்த விகட'னில் அக்கதை வந்தபோது, கே. சுப்பிரமணியம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த திரைப்படத்தின் நிழற்படங்களே ஓவியங்களுக்கு மாற்றாக இடம்பெற்றன. சம்பு சாஸ்திரியை வாசகர்கள் பாபநாசம் சிவனின் முகத்துடனும், சாவித்திரியை எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகத்துடனும் படித்தனர். எழுத்தும் திரையும் ஒன்றையொன்று விளம்பரப்படுத்திய அந்த அரிய நிகழ்வு, படமற்ற மறுபதிப்பில் தடமின்றிப் போகிறது. ஆங்கில அரசு தடைசெய்த திரைப்படத்தின் இணைப்பனுவல் அது என்பதைக்கூட ஒரு பக்க முன்னுரையால் சொல்லிவிடலாம். அந்த ஒரு பக்கத்தைச் சேர்ப்பதால் விலை ஏறிவிடாது.

தமிழ்ப் பதிப்பியலுக்கு இத்தகைய பணி புதியதன்று. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காட்டுவதில் நூற்றாண்டுக்கும் மேலான மரபு இங்குண்டு. அச்சேறிய புனைகதைக்கும் பாடவேறுபாடு இருக்கும் என்பதை ஏற்பதில்தான் தயக்கம். ராஜம் ஐயரின் நாவல் 'விவேக சிந்தாமணி'யில் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்ற இரட்டைத் தலைப்புடன் வந்தது. இன்றைய வாசகர் பின்பாதியை மட்டுமே அறிவர். தலைப்பிற்கே இந்நிலை என்றால் உள்ளே நேர்ந்தவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. விதிவிலக்கும் இல்லாமலில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000ஆம் ஆண்டில் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' காலவரிசை, முதல் வெளியீட்டு விவரம், பாடவேறுபாடு ஆகியவற்றுடன் அமைந்து, நவீனப் புனைகதைக்கும் செம்பதிப்பு இயலும் என்று நிறுவியது.

புதுமைப்பித்தனுக்கு வாய்த்தது கல்கிக்கு ஏன் எளிதில் வாய்ப்பதில்லை என்பதற்கு விடை பதிப்பியலுக்கு வெளியே உள்ளது. க.நா.சு. முதலிய விமரிசகர்கள் கல்கியை வெகுசன எழுத்தின் முதன்மைச் சான்றாக வைத்து இலக்கிய மதிப்பினின்று விலக்கினர். அம்மதிப்பீடு சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதன் விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது: தீவிர இலக்கியத்திற்கே பாட ஆய்வு உரியது, வெகுசன எழுத்திற்கு விற்பனையே போதும் என்ற ஒரு பிரிவினை சொல்லப்படாமலே நிலைபெற்றது. உண்மையில் பாடச்சிதைவுக்கு அதிகம் ஆளாவது மிகுதியாக மறுஅச்சாகும் நூலே. பத்துமுறை அச்சுக்கோக்கப்படும் நூலில் பிழை நுழையப் பத்து வாயில்கள் உள்ளன.

மலிவுப் பதிப்பிலிருந்து செம்பதிப்பின் கருவிகளை எதிர்பார்ப்பது முறையன்று என்று கூறப்படலாம். அது ஏற்கத்தக்கதே. மாணவர் ஒருவர் குறைந்த விலைக்கு நாவலை வாங்கிப் படிக்க முடிவது, நாட்டுடைமை அளித்த பயன்களில் தலையாயது. ஆனால் இதழின் பெயர், தொடர் வெளிவந்த காலம், அடிப்படையாகக் கொண்ட படி ஆகிய மூன்றையும் குறிக்க நான்கு வரிகள் போதும். அடிக்குறிப்புகளில் ஆசிரியருடையவை எவை, பதிப்பாளர் சேர்த்தவை எவை என்று வேறுபடுத்த ஓர் உடுக்குறி போதும். நாட்டுடைமையாக்கும் அரசு பரிவுத்தொகை வழங்குவதோடு நில்லாமல், அந்நூல்களின் இதழ்ப்பாடத்தை ஒளிப்படியாக்கிப் பொதுவில் வைத்திருந்தால், பதிப்பகங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் இருந்திருக்கும். உரிமை பொதுவாயிற்று, மூலம் நூலகங்களின் நொறுங்கும் தாள்களிலேயே தங்கிவிட்டது.

முழு நாவலுக்கும் ஒரே மூச்சில் செம்பதிப்புக் காண்பது தனியொருவரால் ஆகக்கூடியதன்று. ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' தொடங்கத் தகுந்த இடம். மொத்த அத்தியாயங்களில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவானவை அதில் உள்ளன. கதை முடிச்சுகள் அவிழ்வதும் முடிவுரை அமைவதும் அங்கேதான். அந்த 91 அத்தியாயங்களை 1954 மே வரையிலான 'கல்கி' இதழ்களோடு ஒப்பிட்டு, எந்த இதழில் எத்தனை அத்தியாயங்கள் வந்தன, எங்கே படம் இருந்தது, எச்சொல் பின்னர் மாறியது என்று அட்டவணையிடுவது ஒரு முனைவர்பட்ட ஆய்வின் அளவுக்குள் அடங்கும் பணி.