காதம் என்பது எத்தனை கிலோமீட்டர்?

பழந்தமிழர் நீட்டலளவைகளை மெட்ரிக் அளவுக்கு மாற்றித் தரும் அட்டவணையை நீங்கள் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் அது இடம் பெறும். இப்போது கைப்பேசியிலும் உலவுகிறது. அணுவில் தொடங்கிக் காதம் வரை ஒவ்வொன்றுக்கும் எதிரே தசமப் புள்ளியுடன் ஓர் எண் நிற்கும். அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

செங்கற்பட்டுக் கடற்கரையிலுள்ள புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். இது எத்தனை காதம்? கணக்கதிகார வாய்பாட்டின்படி 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம். சாணை 9 அங்குலமாகக் கொண்டால் கோல் 6 அடி, காதம் 12,000 அடி, அதாவது 3.66 கி.மீ. ஆகவே மாமல்லபுரம் நான்கு காதம்!

ஆனால் காதம் ஏறத்தாழப் பத்து மைல், அதாவது 16 கி.மீ., என்ற கணக்கும் வழக்கில் உண்டு. ஏழு நாழிகை நடக்கும் தொலைவு ஒரு காதம் என்பார்கள். நாழிகை 24 நிமிடம். ஏழு நாழிகை 2 மணி 48 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் அதற்குள் 14 கி.மீ. போவார், வேகமாக நடப்பவர் 16 கி.மீ. போவார். இப்படிப் பார்த்தால் மாமல்லபுரம் ஒரே காதம்தான்.

சோழர் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோலும் வருகிறது. அதை வாய்பாட்டில் வைத்தால் காதம் 7.3 கி.மீ. ஆகிவிடும். எது சரி என்று அட்டவணைக்காரரிடம் கேட்டால் என்ன சொல்வார்? அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிட்டார். என் முதல் குறை இதுதான். காலால் அளந்த வழியும் கோலால் அளந்த நிலமும் ஒரே சங்கிலியில் பூட்டப்பட்டிருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. தவிர, 'ஏறத்தாழப் பத்து மைல்' என்பதை 16.0934 கி.மீ. என்று எழுதினால் துல்லியம் கூடிவிடாது. பூக்காரம்மாவின் முழத்தை மில்லிமீட்டரில் சொல்வது போலத்தான் அது.

சங்கிலியின் மறுமுனை இன்னும் வேடிக்கையானது. விரலை எட்டாகப் பகுத்தால் நெல். பின் எள், சிறுகடுகு, நுண்மணல், மயிர், பஞ்சிழை, தேர்த்துகள், அணு என்று ஒவ்வொரு படியிலும் எட்டில் ஒரு பங்காகக் குறையும். விரல் 19 மில்லிமீட்டர் என்றால் நெல் 2.4 மில்லிமீட்டர். நெல்லின் அகலத்துக்கு அது பொருந்துகிறது. எள் 0.3 மில்லிமீட்டர்! கடையில் வாங்கிய எள் பத்தை அகலவாட்டில் வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டரில் அவை அடங்கவே மாட்டா. மயிர் 0.0006 மில்லிமீட்டர் என்று வரும். நம் தலைமயிர் அதைப் போல் நூறு மடங்கு பருமன். இப்படியே இறங்கினால் அணு சுமார் ஒரு நானோமீட்டர். உடனே, 'நம் முன்னோர் அணுவை அளந்துவிட்டனர்' என்று சிலர் பூரிக்கிறார்கள். எள்ளிலேயே தவறிய கணக்கு அணுவில் எப்படிச் சரியாகும்? எட்டு எட்டாக மனத்தில் பகுத்துக்கொண்டே போன அழகான எண்ணணி அது. அளவுகோல் வைத்துக் கண்ட முடிவன்று.

நம்மவர் அளவுகள்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். புதுப்பட்டினத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. அவர்கள் நாட்டில் ரைன்லாந்து அடி 31.4 செ.மீ., ஆம்ஸ்டர்டாம் அடி 28.3 செ.மீ. நூறு அடிச் சுவர் என்றால் மூன்று மீட்டர் வேறுபாடு வந்துவிடும்.

அப்படியானால் மாற்றவே முடியாதா? முடியும். பல கோயில்களில் நிலமளந்த கோலின் நீளத்தையே சுவரிலோ அடித்தளத்திலோ இரு முனையும் குறியிட்டுக் கோடாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த ஊர்க் கோலுக்கு அந்தக் கோடே சாட்சி. உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒன்று தென்பட்டால், சுரண்டாமல், சுண்ணாம்பு பூசாமல், நாடாவால் மூன்று முறை அளந்து, மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். பக்கத்துக் கல்வெட்டில் கோலின் பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக் குறியுங்கள்.