குழாய் போகும் வழியில் தொல்லியல்

பெருவின் தலைநகரான லிமாவில் எரிவாயுக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டினால், பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தொல்லியலாளரும் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஏதாவது தென்பட்டால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். கலாச்சார அமைச்சகத்துக்குத் தகவல் போகும். காலிடா என்ற எரிவாயு நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இப்படி 2,200க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகளைக் கணக்குக் காட்டுகிறது. லிமா இருப்பது, ஸ்பானியர் 1535இல் நகரம் அமைப்பதற்கு வெகு காலம் முன்பே மக்கள் நெருங்கி வாழ்ந்த பள்ளத்தாக்குகளில். மழை மிக அரிதான அந்த மண்ணில் துணியும் தலைமுடியும்கூட எளிதில் மக்குவதில்லை.

2025 ஜூனில் லிமாவின் புவெந்தே பியெத்ரா பகுதியில் அரை மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கட்டை தட்டுப்பட்டது. தெரியாதவர் கண்ணுக்கு அது விறகு. தெரிந்தவருக்கோ, அந்நாளில் கல்லறைக்கு அடையாளமாக நட்ட உவராங்கோ மரம். 1.2 மீட்டரில் ஒரு சிறுவனின் மம்மி, பக்கத்தில் கோலமிட்ட மட்பாண்டங்கள்; சான்காய் பண்பாட்டைச் சேர்ந்தவை, சுமார் 1,000 ஆண்டு பழையவை. மேற்பார்வைக்கு ஆள் இல்லாத பள்ளமாக இருந்தால் அந்தக் கட்டை மண்ணோடு லாரியில் ஏறியிருக்கும்.

இந்த முறையின் பெரிய பலம் வேறொன்று என்பேன். குழாய்க்கு விருப்பு வெறுப்பு கிடையாது. ஆய்வாளர்கள் பெயர்பெற்ற மேடுகளைத் தேடிப் போவார்கள். குழாயோ கோழி வறுவல் கடை வாசலிலும் போகும். ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்கு வந்த சீனத் தொழிலாளர்களின் புதைகுழிகள் அகப்பட்டது அப்படித்தான். அபினிக் குழாய், சீட்டுக்கட்டு, 1898இல் அச்சிட்ட வெள்ளிக்காசு, கூடவே ஒப்பந்தக் காலம் முடிந்ததற்கு 1875இல் ஒரு பண்ணை கொடுத்த சான்றிதழ். அந்தக் காகிதமும் இறந்தவரோடே புதைக்கப்பட்டிருக்கிறது. இதைத் தேடிப் போக யார் நிதி கேட்டிருப்பார்கள்?

ஆனால் எங்கே தோண்டுவது என்பதைக் குழாய் தீர்மானிக்கிறபோது, எங்கே நிறுத்துவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிறுவன் கிடைத்தான், அவன் தனியே புதைக்கப்பட்டவனா, ஊர் இடுகாட்டின் ஓரத்தில் கிடந்தவனா? பதில் பக்கத்து வீட்டுத் தரைக்கடியில் இருக்கலாம், அங்கே பள்ளம் போகாது. மண் அடுக்குகளைப் பள்ளத்தின் அகலத்துக்கு மட்டுமே படிக்க முடிகிறது. தவிர, வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியவருக்குச் சம்பளம் கொடுப்பது, நிறுத்தினால் நஷ்டப்படும் நிறுவனம். அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம், ஏற்பாடு நேர்மையானதல்ல.

2,200 என்ற எண்ணும் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. ஒன்றும் கிடைக்காத பள்ளங்கள் செய்தியாவதில்லை. குடியிருப்பு எங்கே முடிந்தது, வயல் எங்கே தொடங்கியது என்று சொல்லக்கூடியவை அவைதான். கிடைத்த இடம், கிடைக்காத இடம், ஆழம் எல்லாம் ஒரே வரைபடத்தில் பொதுவில் இருக்க வேண்டும். அடுத்துத் தண்ணீர்க் குழாய்க்குத் தடம் குறிக்கும் பொறியாளர் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாக வேண்டும்.