கேவுரும் குரக்கனும்

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் என் அத்தை களி கிண்டுகிற நாளில் பேரன் தட்டைத் தொடமாட்டான். ஏழு வயசு. "கறுப்பா இருக்கு ஆயா" என்று நகர்த்திவிடுவான். அதே பையன் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ராகி மால்ட்டை டம்ளர் கவிழக் குடிக்கிறான். கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2024 பிப்ரவரியில் வந்த ஏற்பாடு அது. ராகியை நாங்கள் கேவுரு என்போம். களியும் கேவுருதான், மால்ட்டும் கேவுருதான். கேட்டால், "அங்க எல்லாரும் குடிக்கிறாங்க" என்கிறான்.

அவன் சொன்னதை அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980லேயே ஆய்வாக எழுதிவிட்டார். ஒரு காயைப் பிடிக்காத குழந்தையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாள் சேர்த்து உட்காரவைத்தார். குழந்தையும் அந்தக் காயை எடுக்க ஆரம்பித்தது. உபதேசத்தால் ஆகாதது பந்தியில் ஆகிவிட்டது. அந்தப் பந்தியை யார் போடுவது என்பதில்தான் தங்கவயலும் இலங்கை மலையகமும் வேறுபடுகின்றன.

மற்றபடி இரண்டும் பங்காளி ஊர்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட இங்கே இறங்கியபின் வட ஆர்க்காட்டுச் சனங்கள் சுரங்கத்துக்கு வந்தார்கள். அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சனங்கள் கப்பலேறி மலையகத் தோட்டங்களுக்குப் போனார்கள். இங்கே லைன் வீடு, அங்கே லயம். இங்கே கேவுரு, அங்கே குரக்கன். ஆனால் லயத்துக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி.

மலையகத்தில் அம்மா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டும். போகிற வழியில் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். அங்கே பார்த்துக்கொள்பவருக்குப் பெயர் ஆயா. எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஊரே பெங்களூரு ரயிலை நம்பித்தான் பிழைக்கிறது. இருட்டோடு அப்பாவும் அம்மாவும் மாரிக்குப்பம் ரயிலேறிவிட்டால், பிள்ளையின் காலைச் சாப்பாடு ஆயா கையில்; அவருக்கும் முடியாத நாளில் ஐந்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட்.

சின்னஞ்சிறுசுகளைக் கவனிப்பதில் இலங்கைக்கு நீண்ட பழக்கம் உண்டு. சோளமும் சோயாவும் சேர்த்த திரிபோஷா மாவை 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் நாலு பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பாக்கெட் யாருக்கென்று பிரியும்? 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம்; தோட்டங்களில் மட்டும் 31.7. நாம் சிரிக்க ஒன்றுமில்லை. கர்நாடகத்தில் 2019–20இல் அது 35.4.

இலங்கையிடம் எனக்குப் பொறாமை இலைக்கஞ்சியில்தான். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரையை இடித்துப் பிழிந்த பச்சைச் சாற்றையும் தேங்காய்ப்பாலையும் விட்டு இறக்குவார்கள். கஞ்சியில் இனிப்புச் சேர்ப்பதில்லை. கருப்பட்டித் துண்டு தனியாகக் கையில் இருக்கும். ஒரு மடக்கு, ஒரு கடி. கசப்பு கசப்பாகவே நாக்குக்குப் பழகிவிடுகிறது. நம் மால்ட்டில் வெல்லத்தைக் கலந்தே கொடுத்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பிடித்தது கேவுருவா வெல்லமா என்று சொல்லமுடியாது.

பள்ளிக்கூடம் வந்ததும் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது. இங்கே பத்தாவது வரை பிசியூட்டா என்ற மதியச் சாப்பாடு உண்டு. 2013 முதல் 150 மில்லி பால். 2024 செப்டம்பர் முதல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை உதவியோடு வாரம் ஆறு நாள் முட்டை. வேண்டாம் என்பவருக்கு வாழைப்பழம். 2021இல் முட்டைக்கு எதிராகச் சில மடங்கள் குரல் எழுப்பின. களிக்கு மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தின்று வளர்ந்த எங்கள் ஊரில் அந்தச் சண்டை யாருக்கும் விளங்கவில்லை.

இலங்கையில் 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உணவு என்று விரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஐந்தாம் தரத்தோடு சரி. ஆறாம் தரத்தில் பசி நின்றுவிடுமா என்ன? 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அப்போது லயங்களில் முதலில் குறைந்தது பெரிய பிள்ளைகளின் தட்டாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வளர்த்தி வேகமாக இருக்கும் வயதும் அதுதான்.

போன மாதம் அத்தை களிக்கட்டையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, கேவுரு மாவைக் கூழாகக் காய்ச்சினார். மோர், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம். பக்கத்து லைன் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பேரனோடு வாசற்படியில் உட்காரவைத்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். அந்தப் பையன்கள் மளமளவென்று குடித்தார்கள். இவன் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாய் வைத்தான்.

"ஆயா, இது மால்ட்டா?"

"ஆமாடா, உப்பு மால்ட்டு" என்றார் அத்தை.