கிணற்றில் இறங்கிய லைஃப் ஜாக்கெட்

கடலுக்குப் போட வேண்டிய சட்டையை முதலில் கிணற்றில்தான் போட்டுப் பார்த்தேன். நெல்லிக்குப்பத்தில் கடல் கிடையாது. கரும்பும் சர்க்கரை ஆலையும் உண்டு, எங்கள் கொல்லையில் பம்புசெட் கிணறு உண்டு. பஸ் ஏறினால் கடலூர். அலை அடிக்கும் இடத்தில் சோதிப்பதற்கு முன்னால், கயிறு பிடிக்க ஆள் நிற்கும் இடத்தில் சோதிப்பது நல்லது என்று பட்டது.

கையில் இரண்டு ரகம். ஒன்று நுரைப்பலகை வைத்துத் தைத்த ஆரஞ்சு ஜாக்கெட். 1,250 ரூபாய், 100 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தது. இன்னொன்று, கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கொண்டுவந்த காற்றடைக்கும் ரகம், 150 நியூட்டன். மடித்து வைத்தால் தோளில் போட்ட துண்டு மாதிரிதான் இருக்கிறது.

10 நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் விசை. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், தலையை மட்டும் வெளியே நிறுத்த ஐந்து கிலோ தூக்கலே ஏறக்குறைய போதும். பிறகு எதற்கு 150? மயங்கிக் குப்புறக் கிடப்பவனைப் புரட்டிப்போட. அவன் வாய் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், அதுவும் சில நொடிகளில். விலைச்சீட்டைப் பார்ப்பதைவிட இதைப் பார்த்துத்தான் ஜாக்கெட் வாங்க வேண்டும்.

கிணற்றில் கை கால்களைத் தளரவிட்டுக் குப்புறக் கிடந்தேன். நுரை ஜாக்கெட் என்னைப் பாதி புரட்டி, ஒருக்களித்த நிலையில் நிறுத்திவிட்டது. ஒரு காது தண்ணீரில், மூக்கு விளிம்பில். அதைவிட மோசம், ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிக் காதை அமுக்கியது, நான் கீழே தொங்கினேன். தொடையிடுக்கு வழியாக வரும் பட்டை இந்த விலையில் கிடையாது. முக்கால் அங்குல நாடாவை வாங்கித் தைத்துக்கொண்ட பிறகுதான் சட்டை சட்டையாக நின்றது.

காற்றடைக்கும் ரகத்தில் குதித்ததும் இரண்டு எண்ணுவதற்குள் ‘புஸ்’ என்று விரிந்து, மல்லாக்கப் போட்டுவிட்டது. உள்ளே நீர் பட்டால் கரையும் சின்ன வில்லை இருக்கிறது. அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசி சிலிண்டரைத் துளைக்கும். 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு பைக்குள் பாயும். வாயால் ஊதவும் ஒரு குழாய் உண்டு. கிணற்றில் இதற்கு நூற்றுக்கு நூறு மார்க்.

(உலகப்போர்க் காலத்து ஜாக்கெட்டுகள் பலவற்றில் இலவம்பஞ்சுதான் இருந்தது. நம் தலையணைச் சரக்கு! எண்ணெயில் ஊறினாலும் நசுங்கினாலும் மிதப்பு குறையும் என்பதால் பிறகு நுரைக்கு மாறினார்கள்.)

கடலூரில் கெடிலமும் உப்பனாறும் கலக்கும் முகத்துவாரம் வழியாக ஒரு ஃபைபர் போட்டில் வெளியே போனோம். போட்டுக்காரர் தேவனாம்பட்டினத்துக்காரர், அறுபதைத் தொட்டவர். அவருடைய ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து காட்டினார். நசுங்கி, டீசல் குடித்து, அப்பளமாக இருந்தது.

“ஏண்ணே, இது ஆபத்துல காப்பாத்துறதாச்சே?”

“இதப் போட்டுக்கிட்டு வலை இழுத்துப் பாரு தம்பி. அப்புறம் பேசுவோம்.”

இழுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முதுகில் வேர்வை ஓடியது. முழங்கையை மடக்கவிடாமல் நுரை இடித்தது. விசில் கட்டிய நூல் வலைக்கண்ணில் மாட்டி, வலை என்னை இழுத்தது. அவர் சிரிக்கவில்லை, கத்தியை எடுத்து நூலை அறுத்தார். நான் ஆசையாகத் தைத்த தொடைப்பட்டையைப் பார்த்து, “லுங்கியோட இத எப்படிப்பா மாட்டுறது?” என்றார். ஜாக்கெட்டைத் தயாரித்தவர்கள் யாரும் லுங்கி கட்டியிருக்க மாட்டார்கள்.

காற்றடைக்கும் ரகத்தில் வலை இழுப்பது சுகம், போட்டிருப்பதே தெரியவில்லை. திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் ஓர் அலை ஏறி எங்களைக் குளிப்பாட்டியது. படீர்! போட்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் கழுத்தில் மஞ்சள் பலூன். மாற்று சிலிண்டரைக் கிணற்றுச் சோதனைக்குப் பிறகே மாட்டியாகிவிட்டது, வேறு கையில் இல்லை. துறைமுகக் கடைகளில் கேட்டேன், யாரிடமும் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒரு சிலிண்டர் என்றால் மீன் விற்ற காசு அதற்கே சரி. தண்ணீரின் அழுத்தம் பட்டால்தான் வெடிக்கும் ரகமும் உண்டு. சாரலுக்கு அது அசையாது, ஆனால் விலை இன்னும் எகிறும். கையால் கயிற்றை இழுக்கும் ரகம் மலிவு. பாயின் கம்போ இன்ஜின் கைப்பிடியோ மண்டையில் அடித்து விழுந்தவன் எதை இழுப்பான்?

மிதந்தால் மட்டும் போதாது, கண்டுபிடிக்கவும் வேண்டும். 2017 ஒக்கி புயல் நேரத்தில் கரையில் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். இஸ்ரோ 2024 ஜனவரியில் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியில், அனுப்பிய செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. அது படகோடு இருக்கும். தண்ணீரில் விழுந்தவனோடு இருப்பது சட்டைதான். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் போனில் பதிந்து வைத்திருக்கலாம்.

என் தேர்வு: விசைப்படகுக்கும் கப்பலுக்கும் நீரழுத்தத்தில் திறக்கும் ரகம், மாற்று சிலிண்டர் இரண்டோடு. ஃபைபர் போட்டுக்கு, கை அசைய இடம் விட்டுத் தைத்த மெல்லிய நுரை ஜாக்கெட். புரட்டிப்போடுவதில் மார்க் குறையும், ஆனால் உடம்பில் இருக்கும்.

என் ஆரஞ்சு ஜாக்கெட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது அதைப் போட்டுக்கொண்டுதான் வலை உதறிக்கொண்டிருந்தார், தொடைப்பட்டை இல்லாமல். விசில் பேரன் வாயில் இருந்தது.